பிறர்க்கு நேரும் தீங்கும் நம் பொறுப்பும்



அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் அரசு செலுத்திய எல்லாள மன்னனைப் பற்றி மகாவமிசம் கூறும் கதைகளுள் தேரோடு தொடர்புடையவை இரண்டு. முதலாவது நாமெல்லோரும் அறிந்தது. மன்னனின் ஒரே மகன் திஸ்ஸ வாவியை நோக்கித் தேரிற் சென்றபொழுது, தாய்ப் பசுவோடு வழியிற் படுத்திருந்த கன்றொன்று சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது. பசு வந்து ஆராய்ச்சி மணியின் கயிற்றை இழுத்தது. மன்னன் அதே சக்கரத்தினால் தன் மகனின் தலையைத் துணிப்பித்தான். இதனையொத்த கதையொன்றைத் தமிழ்நாட்டு மரபு திருவாரூரோடு இணைத்து, மனுநீதி கண்ட சோழனின் வரலாறாகப் போற்றி வருகின்றது.

இரண்டாவது கதை அத்துணை பரவவில்லை. பிக்குமாரை அழைத்து வருவதற்காக மன்னனே தேரேறிச் சென்ற ஒரு நாளில், தேர் நுகத்தின் நுனி பட்டுத் தூபியொன்றின் ஒரு பகுதி சிதைந்தது. எல்லாளன் உடனே தேரினின்றும் இறங்கி, தன் தலையையும் சக்கரத்தினால் துணிக்குமாறு பணித்தான். அமைச்சர்கள் இசையவில்லை. பிறர்க்குத் தீங்கு நேர்வதைப் புத்தபிரான் விரும்பமாட்டார், தூபியைச் செப்பனிட்டுக் கொடுத்தலே தக்கது என்று அவர்கள் எடுத்துரைத்தனர். பெயர்ந்து விழுந்தவை 15 கற்களே. எனினும் அவற்றை மீண்டும் அமைப்பதற்கு மன்னன் 15,000 கஹாபணம் செலவிட்டான் என்கிறது அந்நூல்.

மன்னனும் ஒருவனே, இரு நிகழ்ச்சிகளும் வேண்டுமென்று செய்யாத தேர் விபத்துக்களே. ஆயினும் தீர்ப்புக்கள் வேறு. முதலாவதில் குற்றஞ் செய்தவன் தண்டிக்கப்பட்டான். இரண்டாவதில் கெட்டுப்போன பொருள் சீராக்கப்பட்டது. முதற்கதையை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் மாணவர்களுள் யாரேனும் ஒருவர் எழுந்து, “பசுவுக்கு என்ன கிடைத்தது?” என்று கேட்பதுண்டு. சிறுவர் வாயிலிருந்து வரும் கேள்வியெனினும் அது சிறு கேள்வியன்று. ஒருவருடைய கவனக்குறைவினால் இன்னொருவருக்குத் தீங்கு நேர்ந்தால், தீங்குற்றவருக்கு என்ன கிடைக்க வேண்டும், அதனை யார் கொடுக்க வேண்டும், கொடுப்பதற்கு அவரிடம் பொருள் இல்லையாயின் என்ன செய்வது என்ற மூன்று வினாக்களுக்கும் மனித சமுதாயம் விடை தேடிய வரலாறே, இன்று நாம் பொறுப்புக் காப்புறுதி என்று வழங்கும் ஏற்பாட்டின் வரலாறாகும்.

ஆயுட் காப்புறுதி நம் குடும்பத்துக்காக. தீக் காப்புறுதி நம் வீட்டுக்காக. பொறுப்புக் காப்புறுதியோ இவற்றிலிருந்து வேறுபட்டது. அதற்குக் கட்டுப்பணம் செலுத்துபவர் ஒருவர். அதனாற் பணம் பெறுபவரோ, அவர் இதுவரை கண்டும் அறியாத இன்னொருவர். நம் கையாலோ, நம் வாகனத்தாலோ, நம் வீட்டு மதிலாலோ பிறரொருவருக்கு இழப்பு நேர்ந்து, அதற்கு நாமே பொறுப்பென்று சட்டம் கூறுமிடத்து, நமக்காகக் காப்புறுதிக் கொம்பனி அந்த நட்டஈட்டைச் செலுத்துகின்றது. சட்டம் கட்டாயப்படுத்தும் அளவோடு நின்றுவிடலாமா, அதற்கு மேலும் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்பது இக்காலத்தில் வாகனமும் வீடும் உடைய பலர் முன்னுள்ள கேள்வி. அதற்குரிய விடையைக் கடந்தகாலத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி மன்னனின் சட்டங்கள் ஒரு கருங்கற்றூணிற் பொறிக்கப்பட்டன. அத்தூண் 1901ஆம், 1902ஆம் ஆண்டுகளிற் சூசா நகரிற் கண்டெடுக்கப்பட்டு, இன்று பாரிஸ் மாநகரின் லூவர் அரும்பொருளகத்தில் இருக்கின்றது. கொத்தன் உறுதியின்றிக் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்தாற் கொத்தனுக்கு மரண தண்டனை. வீட்டுக்காரனின் மகன் இறந்தாற் கொத்தனின் மகனுக்கு மரண தண்டனை என்று அச்சட்டம் விதித்தது. தன் வாய்க்கால் வரம்பைப் பேணாது விட்டவனின் சோம்பலால் அயலார் வயல்களில் வெள்ளம் பாய்ந்தால், அழிந்த தானியத்தை அவன் ஈடுசெய்ய வேண்டும் என்றும் அதில் உண்டு. ஈடுசெய்ய இயலாதவனாயின்? அவனையும் அவன் உடைமைகளையும் விற்று, அப்பணத்தை வெள்ளத்தால் நட்டமுற்ற உழவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பொருளில்லாதவன் தன் உடலையே ஈடாக வைத்த காலம் அது.

உரோமர் இந்தச் சிந்தனையை நெடுந்தூரம் கொண்டு சென்றனர். கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் அக்குவிலியச் சட்டம், பிறர் உடைமைக்குத் தவறாக விளைத்த சேதத்துக்குப் பணத்தால் ஈடு செய்யும் முறையை வகுத்தது. உரோம நகரில் அடுக்குமாடி வீடுகள் மலிந்திருந்தன. மேல்மாடிகளிலிருந்து கழிவுநீரும் கலங்களும் வீதியில் வந்து விழுவது நித்திய வழக்கமாயிருந்தது. ஆகவே அவர்கள் மற்றொரு விதியையும் ஆக்கினர். வீட்டிலிருந்து எறியப்பட்ட அல்லது ஊற்றப்பட்ட பொருளினாற் சேதம் விளைந்தால், எறிந்தவர் யாராயினும் அவ்வீட்டிற் குடியிருப்பவரே இருமடங்கு ஈடு செய்ய வேண்டும். சுதந்திர மனிதனொருவன் அதனால் இறந்துவிடின் 50 பொற்காசு தண்டம். எறிந்த கை யாருடையது என்று வீதியிற் செல்பவன் ஆராய்ந்துகொண்டிருக்க முடியாதல்லவா? வீட்டை ஆள்பவனே அதனால் நேரும் தீங்குக்கும் பொறுப்பாளன் என்ற கருத்து இங்கே தெளிவு பெற்றது.

இவை நமக்குத் தொலைவிலுள்ள செய்திகள் என்று எண்ண வேண்டாம். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபொழுது, தம் நாட்டில் வழங்கிய உரோம ஒல்லாந்தச் சட்டத்தையும் உடன் கொண்டுவந்தனர். 1796இல் அவர்களை வென்ற பிரித்தானியர், 1799ஆம் ஆண்டின் பிரகடனத்தினால் அச்சட்டத்தை நிலைபெறச் செய்தனர். இதனால் இலங்கை நீதிமன்றங்களில் ஒருவரின் கவனக்குறைவினால் விளைந்த இழப்புக்கு நட்டஈடு கோரும் வழக்கின் அடிப்படையாக அந்த அக்குவிலியச் சட்டமே இன்றும் விளங்குகின்றது. நம் வீட்டுக் கூரையிலிருந்து பெயர்ந்த ஓடு வீதியிற் செல்பவரின் தலையில் விழுந்தால், அந்த வழக்கின் வேர் 2,000 ஆண்டுகளுக்கு மேலாகப் பின்னோக்கி ஓடுகின்றது.

இனி இங்கிலாந்தை நோக்குவோம். அங்கே நெடுங்காலமாக விசித்திரமான வழக்கமொன்று இருந்தது. மனிதனொருவனின் மரணத்துக்குக் காரணமான பொருள், அது வண்டியாயினும் குதிரையாயினும், முடிக்குரியதாகிவிடும். அல்லது அதன் பெறுமதியைச் செலுத்த வேண்டும். புகையிரதம் வந்த பின் இவ்வழக்கம் எவ்வளவு பொருந்தாததென்பது புலப்பட்டது. 1841ஆம் ஆண்டு நத்தார் தினத்துக்கு முந்திய நாளில் சொனிங் என்னுமிடத்தில், மண்சரிவில் மோதிய புகையிரதத்திலிருந்து எறியப்பட்டுத் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். மரண விசாரணை செய்த ஜூரிமார் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் 1,000 பவுண் பெறுமதி விதித்தனர். ஆனால் அவ்வழக்கத்தின்படி, இறந்தவரின் மனைவி மக்கள் அத்தொகையைத் தம் உரிமையென்று கேட்க இயலாது. மீண்டும் நம் மாணவரின் கேள்விக்கே வருகிறோம். பசுவுக்கு என்ன கிடைத்தது? ஐந்தாண்டுகளின் பின், 1846இல், பிரித்தானியப் பாராளுமன்றம் அப்பழைய வழக்கத்தை ஒழித்தது. அதே ஆண்டில், பிறர் தவறினால் உயிரிழந்தவரின் குடும்பத்தினர் நட்டஈடு கோரலாம் என்று புதியதொரு சட்டமும் இயற்றிற்று. தண்டம் அரசை விட்டுத் தீங்குற்றவரின் வீட்டை நோக்கித் திரும்பிய ஆண்டு அது.

குடும்பத்தினர் வழக்காட முடியும் என்றானபின், வழக்கில் தோற்றவன் எவ்வாறு கொடுப்பான் என்ற வினா எழுந்தது. விடை கடலிலிருந்து வந்தது. கப்பற் காப்புறுதி பழமையானது. ஆனால் அது கப்பற் சொந்தக்காரனின் சொந்தக் கப்பலுக்கான காப்புறுதி. தன் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதி, அதற்குக் கொடுக்க வேண்டிய நட்டஈட்டைச் சாதாரண கப்பற் காப்புறுதி ஏற்காது என்று 1836இல் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் காப்புறுதியாளர் மோதல் பொறுப்பில் நான்கில் மூன்று பங்கை ஏற்க இணங்கினர். எஞ்சிய ஒரு பங்கைச் சொந்தக்காரனின் தலையிலேயே விட்டனர். ஏன்? முழுவதையும் தாமே ஏற்றாற் கப்பலோட்டுபவன் கவனமற்றவனாகிவிடுவான் என்ற அச்சமே காரணம். மேலும், ஏற்ற அந்த மூன்று பங்குக்கும் காப்புறுதி செய்யப்பட்ட கப்பலின் பெறுமதியே எல்லையாயிருந்தது. சிறு கப்பலொன்று பெருங் கப்பலொன்றை மூழ்கடித்துவிட்டால், எல்லைக்கு மேலான தொகை முழுவதும் சொந்தக்காரனையே சாரும்.

அந்த இடைவெளியை அடைப்பதற்காகவே, கப்பற் சொந்தக்காரர்கள் 1855ஆம் ஆண்டில் தமக்குள்ளே பரஸ்பரப் பாதுகாப்புச் சங்கமொன்றை அமைத்தனர். விடுபட்ட காற் பங்கையும், முதற் காப்புறுதியின் எல்லைக்கு மேற்பட்ட தொகையையும், உயிரிழப்புக்கும் காயத்துக்குமான பொறுப்பையும் அச்சங்கம் ஏற்றது. நேயர்களே, நாம் இன்று மேலதிகப் பொறுப்புக் காப்புறுதி என்று கூறுவதன் கரு இதுவே. முதற் காப்புறுதி முடியுமிடத்தில் இரண்டாவது தொடங்க வேண்டும் என்பது ஏட்டிலே பிறந்த தத்துவமன்று. கப்பலை இழந்து சொத்தையும் இழக்கும் நிலையில் நின்றவர்களின் அனுபவம்.

கடலிற் பிறந்த வழி தரைக்கு வந்தது. 1880இல் பிரித்தானியாவில், வேலைத்தலத்திற் காயமுற்ற தொழிலாளி சில சந்தர்ப்பங்களில் முதலாளி மீது வழக்குத் தொடர இடமளிக்கும் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே, முதலாளிமாரின் பொறுப்பைக் காப்புறுதி செய்வதற்கென்று இலண்டனில் ஒரு கொம்பனி தோன்றியது. 1897இல் முதலாளியின் தவறை நிரூபிக்காமலே தொழிலாளி நட்டஈடு பெறும் உரிமை வந்தது. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதே நோக்கத்தை நிறைவேற்றியது.

தவறு செய்தவனுக்குப் பதிலாக இன்னொருவர் பணம் கொடுப்பது அறத்துக்கு ஒவ்வாது என்று அந்நாட்களில் வாதித்தோர் பலர். பொறுப்பைக் காப்புறுதி செய்தால் மனிதர் கவனத்தைக் கைவிடுவர் என்பது அவர்களின் வாதம். இவ்வாதத்தை நாம் ஏளனமாகத் தள்ளிவிடலாகாது. அதன் உண்மைப் பகுதியை ஏற்றே காப்புறுதி ஒப்பந்தங்கள் அமைந்தன. வேண்டுமென்று செய்த தீங்கை அவை ஏற்பதில்லை. குற்றவியல் நீதிமன்றம் விதிக்கும் தண்டப்பணத்தையும் சிறைவாசத்தையும் யாரும் நமக்காக ஏற்கமாட்டார். மற்றப் பகுதிக்கு விடை வேறு. எவ்வளவு கவனமுள்ளவரும் கண்ணிமைக்கும் நேரம் தவறலாம். அத்தவறின் பயனாய்க் காலிழந்தவர், தம்மை மோதியவர் செல்வரா வறியவரா என்ற தற்செயலைப் பொறுத்துத்தான் தம் எஞ்சிய வாழ்வை நடத்த வேண்டுமா? காப்புறுதி குற்றத்தைக் கழுவுவதில்லை, இழப்பை நிரப்புகின்றது.

மோட்டார் வாகனங்கள் பெருகியபொழுது இவ்விடையை அரசாங்கங்களும் ஏற்றன. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலம் 1927ஆம் ஆண்டு முதல் வாகனப் பொறுப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவிலே 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் அவ்வாறே செய்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம் மிகவும் கவனிக்கத்தக்கது. அதுவரை, விபத்துக்குப் பொறுப்பானவர் வங்குரோத்தாகிவிட்டால், அவருக்காகக் கொம்பனி செலுத்தும் காப்புறுதிப் பணம் அவருடைய கடன்காரர் யாவருக்கும் பொதுவான சொத்தாகக் கருதப்பட்டது. 1928இல் வெளியான தீர்ப்பொன்று இதனை ஐயந்திரிபற எடுத்துக் காட்டியது. வாகனம் மோதிக் காயமுற்றவரும், அவ்வாகனத்துக்கு எண்ணெய் விற்ற வியாபாரியும் ஒரே வரிசையில் நின்று பங்கு பெற வேண்டிய நிலை! 1930இல் அது மாற்றப்பட்டது. காப்புறுதியாளரிடம் கேட்கும் உரிமை காயமுற்றவரின் கைக்கு மாறியது. அப்பணம் யாருடையது என்ற கேள்விக்கு அன்றுதான் நேரிய விடை கிடைத்தது எனலாம்.

நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், மூன்றாந் தரப்பினருக்கு நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் உரிய பொறுப்பைக் காப்புறுதி செய்யாமல் வாகனத்தை வீதியிற் செலுத்தலாகாது என்று விதித்தது. 1961ஆம் ஆண்டின் சட்டத்தினால் அரசாங்கக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளில் பொதுக் காப்புறுதி முழுவதும் அதன் தனியுரிமையாயிற்று. 1980களின் பிற்பகுதியில் தனியார் கொம்பனிகள் மீண்டும் இத்துறைக்கு வந்தன. ஆகவே இன்று ஒரே பொறுப்புக்குப் பல கொம்பனிகளின் பல வகை ஒப்பந்தங்களைக் காண்கின்றோம். ஒப்பிட்டு நோக்கும் கடமை அதனால் நம்முடையதாகிவிட்டது.

கட்டாயக் காப்புறுதி வந்தபின் கவலை தீர்ந்தது என்று எண்ணுவோர்க்கு வரலாறு தரும் எச்சரிக்கை ஒன்றுண்டு. சட்டம் விதிக்கும் அளவு, நாம் செய்யக்கூடிய தீங்கின் அளவன்று. அது அரசாங்கம் எல்லோரும் தாங்கக்கூடியதென்று எண்ணி வைத்த கீழ்மட்டம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு நேரும் காயத்துக்கு 15,000 டொலரும், ஒரு விபத்தில் எத்தனை பேர் காயமுற்றாலும் மொத்தம் 30,000 டொலரும் போதுமென்று அங்கே 1967இல் விதிக்கப்பட்டது. அந்த அளவு 2024ஆம் ஆண்டின் இறுதிவரை மாறவில்லை. 57 ஆண்டுகளில் வைத்தியசாலைக் கட்டணம் எத்தனை மடங்காயிற்று! 2025 சனவரி முதலாந் தேதி தொடங்கி அவை 30,000 டொலராகவும் 60,000 டொலராகவும் உயர்த்தப்பட்டன. இரட்டித்ததென்னவோ உண்மை, ஆனால் அங்கே பாரிய சத்திர சிகிச்சையொன்றே அதனை விழுங்கிவிடக்கூடும். பிரித்தானியாவிலும் சட்டம் படிப்படியாகவே விரிந்தது. பிரயாணிகளை எல்லோரும் காப்புறுதி செய்ய வேண்டுமென்ற விதி 1972இலும், பிறர் உடைமைச் சேதத்துக்கான கட்டாயம் 1988இன் இறுதியிலும்தான் வந்தன. இடையில் விபத்துற்றவர்கள் சட்டம் விரியும்வரை காத்திருக்க முடியவில்லை.

தீங்கு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2001 பெப்ரவரி 28ஆந் தேதி விடியற்காலை, இங்கிலாந்தின் யோர்க்ஷயர்ப் பகுதியில் கிரேற் ஹெக் என்னும் கிராமத்தருகே, நித்திரையின்றி வாகனமோட்டிய ஒருவரின் வண்டி நெடுஞ்சாலையை விட்டுச் சரிந்து புகையிரதப் பாதையில் விழுந்தது. விரைந்து வந்த பிரயாணிகள் புகையிரதம் அதனோடு மோதித் தடம் புரண்டது. எதிரே வந்த நிலக்கரிப் புகையிரதம் அதன்மேல் மோதியது. பத்து உயிர்கள் மாண்டன. ஒரு மனிதர், ஒரு வண்டி, ஒரு கணத் துயில். வாகனமோட்டியவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டுச் சிறை சென்றார். இழப்பீட்டுக்கான உரிமைகளோ பல மில்லியன் பவுணை எட்டின. அங்கே மரணத்துக்கும் காயத்துக்குமான வாகனக் காப்புறுதிக்கு உச்ச எல்லை இல்லாமையால், குடும்பங்களின் நட்டஈடு அந்த ஒரு மனிதரின் சேமிப்பைப் பொறுத்திருக்கவில்லை. குறைந்த எல்லை விதிக்கும் ஓர் இடத்தில் இது நேர்ந்திருந்தால், அக்குடும்பங்களின் நிலை யாதாயிருக்கும்?

அமெரிக்காவில் மேலதிகப் பொறுப்புக் காப்புறுதிக்குக் ‘குடை’ என்றே பெயர். வாகனக் காப்புறுதி, வீட்டுக் காப்புறுதி ஆகிய இரண்டின் மேலும் அது கவிந்து நிற்கின்றது. பெரும்பாலும் 10 இலட்சம் டொலரிலிருந்து தொடங்கும் இக்காப்புறுதி, கீழுள்ள காப்புறுதி முழுவதும் தீர்ந்த பின்பே பணம் கொடுக்கும். ஆகையால் அதன் கட்டுப்பணம், தரும் தொகையை நோக்கக் குறைவாயிருக்கின்றது. காரணம் எளிது. சிறு விபத்துக்கள் பல. அவற்றைக் கீழ்க் காப்புறுதி தாங்கிவிடும். பெரு விபத்துக்கள் மிகச் சில. நம் நாட்டுக் குளக்கட்டை நினைத்துப் பாருங்கள். அதன் உயரம் ஆண்டுதோறும் பெய்யும் மழையைக் கொண்டு நிர்ணயிக்கப்படுவதில்லை. என்றோ ஒருநாள் வரக்கூடிய பெருவெள்ளத்தைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகின்றது. கட்டின் மேல் முழத்தை நீர் தொடும் நாட்கள் அரிது. ஆனால் அந்த ஒரு நாளுக்காகவே அம்முழம் கட்டப்பட்டது. ஜேர்மனியிலே, கவனக்குறைவினால் விளைந்த தீங்குக்கு ஒருவர் எல்லையின்றிப் பொறுப்பாவார் என்னும் குடியியற் சட்டம் 1900ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அங்கே பெரும்பாலான குடும்பங்கள், சட்டத்தின் வற்புறுத்தலின்றியே, தனிநபர் பொறுப்புக் காப்புறுதியை வைத்திருக்கின்றன.

அவ்வாறாயின், நாம் ஒவ்வொருவரும் எதனை ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும்?

முதலாவதாக, கையிலுள்ள காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து எல்லைகளைப் பார்க்க வேண்டும். பிறர் காயத்துக்கு எவ்வளவு, பிறர் உடைமைக்கு எவ்வளவு, வழக்குச் செலவு அதற்குள் அடங்குமா, வெளியேயா என்பன தெளிவாக வேண்டும். நம் முச்சக்கர வண்டி பிறரின் விலையுயர்ந்த காரொன்றில் மோதிவிட்டால் அவ்வெல்லை போதுமா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டாவதாக, வாகனத்துக்கு அப்பால் நம்மால் விளையக்கூடிய தீங்குகளை எண்ணிப் பார்க்க வேண்டும். வீதியோரத்து மதில், மூடப்படாத கிணறு, அயலார் கூரைமேற் சாய்ந்த தென்னை, கடிக்கும் நாய், வாடகைக்கு விட்ட வீட்டின் பழுதடைந்த படி, வீட்டு வேலைக்கு வருபவர் என இப்பட்டியல் நீளும். வீட்டுக் காப்புறுதியோடு பிறர்க்கான பொறுப்பும் சேர்ந்துள்ளதா, இல்லையாயின் சேர்க்கலாமா என்று கொம்பனியிடம் எழுத்து மூலம் வினவுதல் நன்று.

மூன்றாவதாக, நாம் இழக்கக்கூடியது எவ்வளவு என்று நோக்க வேண்டும். சொந்த வீடு, காணி, சேமிப்பு, பிள்ளைகளின் கல்விக்கென ஒதுக்கிய பணம் ஆகிய யாவும் நீதிமன்றத் தீர்ப்பொன்றின் கீழ் வரக்கூடும். நான்காவதாக, முதற் காப்புறுதி முடியுமிடத்துக்கும் மேலதிகக் காப்புறுதி தொடங்குமிடத்துக்கும் நடுவே இடைவெளி உண்டா என்று பார்க்க வேண்டும். முதலாவது 10 இலட்சத்தில் முடிந்து, இரண்டாவது 20 இலட்சத்துக்கு மேலேயே தொடங்குமாயின், நடுவிலுள்ள 10 இலட்சம் நம்முடைய கைப்பணமே. 1855இன் கப்பற்காரர்கள் அடைக்க முனைந்த ஓட்டை இதுதான். ஐந்தாவதாக, விலக்குக்களைப் படிக்க வேண்டும். மதுபோதையிலோ அனுமதிப்பத்திரமின்றியோ ஓட்டுதல், வீட்டு வாகனத்தை வாடகைக்கு ஓட்டுதல், தொழில் சம்பந்தமான பொறுப்பு முதலியவற்றை ஒப்பந்தம் எவ்வாறு கருதுகின்றது என்பதை விபத்துக்குப் பின் அறிவதிற் பயனில்லை.

எல்லோரும் இதனை வாங்கியே தீரவேண்டும் என்று நான் கூறவில்லை. சிறு வருமானமும், சைக்கிள் ஒன்றும், வாடகை வீடும் உடையவர் முதலில் தம் குடும்பத்தின் நோய்க்கும் எதிர்பாராத மரணத்துக்கும் ஏற்பாடு செய்தல் பொருத்தமாகலாம். காப்புறுதிக்கெனக் கொடுக்கும் பணத்தை மதிலைத் திருத்தவும் கிணற்றுக்குக் கட்டுக் கட்டவும் தேய்ந்த டயரை மாற்றவும் செலவிடுவதே சிலருக்கு மேலான காப்புறுதி. தீங்கு நேராமற் காப்பதற்கு நிகரான பத்திரம் எந்தக் கொம்பனியிடமும் இல்லை. ஆனால் வீடும் வாகனமும் வருமானமும் உடையவர், சிறு கீறல்களுக்கும் உடைந்த கண்ணாடிக்கும் காப்புறுதி தேடி, ஒரு குடும்பத்தையே வீழ்த்தக்கூடிய பெரும் பொறுப்பை வெறுமையாக விடுவது விவேகமன்று. சிறிய இழப்பை நாமே தாங்கி, பெரிய இழப்பைப் பலரோடு பகிர்வதே காப்புறுதியின் நோக்கம்.

இம்முடிவைச் செய்யும்போது நம் சொத்தை மாத்திரம் மனத்தில் வைத்தல் போதாது. அந்தப் பத்திரத்தில் நம் பெயர் எழுதப்பட்டிருப்பினும், அதன் பயனைப் பெறப்போகிறவர் மஞ்சட் கோட்டில் வீதியைக் கடக்கும் மூதாட்டியாயிருக்கலாம். பாடசாலைப் பையைத் தோளில் மாட்டிச் செல்லும் சிறுமியாயிருக்கலாம். அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. தெரியாதிருக்கவே வேண்டும் என்று விரும்புகிறோம். எனினும் அவர்களுக்கு நாம் கடன்பட நேர்ந்தால், அக்கடன் தீரும் வகையை முன்னதாகவே செய்து வைத்தல் நாகரிக மனிதனின் கடமைகளுள் ஒன்று. இவ்வாண்டுக்குரிய காப்புறுதிப் பத்திரத்தைப் புதுப்பிக்கும் முன்னர், இறுதித் தொகையை மட்டும் பார்த்து மடித்து வைக்காமல், ‘மூன்றாந் தரப்பு’ என்ற தலைப்பின் கீழுள்ள வரிகளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.